மூளை சொல்லாமலேயே குடல் நகர்வது எப்படி?

கேள்வி இது: "குடல் சுவரில் இருக்கும் நரம்பு செல்கள் மூளையைக் கேட்காமலே வேலை செய்யுமாமே, அவை தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கின்றன? உடலின் செரட்டோனின் பெரும்பாலும் குடலில்தான் என்கிறார்களே, அதற்கும் மனநிலைக்கும் தொடர்பு உண்டா?"

மருந்தியல் படிக்கும்போது எங்களுக்கு ஒரு சோதனை இருந்தது. கினிப்பன்றியின் சிறுகுடலில் ஒரு சிறு துண்டை 37 டிகிரி சூட்டில் உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, ஆக்சிஜனைக் குமிழ்களாக விட வேண்டும். உடலை விட்டு வந்து மணிக்கணக்கான பிறகும் துண்டு உயிரோடு இருக்கும். நரம்புகள் தசைக்குச் சேதி சொல்ல வெளியே விடும் தூதுப்பொருளான அசிட்டைல்கோலினைக் கொஞ்சம் விட்டேன். வெடுக்கென்று சுருங்கியது. கழுவினால் பழையபடி தொங்கியது. சரி, குடல் நரம்புகளுக்குத் தெரிந்தது 'சுருங்கு' என்ற ஒரு சொல்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

தப்பு. 'விடு' என்ற சொல்லும் உண்டு. ஏற்கெனவே தொளதொளவென்று தொங்குகிற துண்டு இன்னும் தளர்ந்தால் கண்ணுக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் அது எனக்குப் பிடிபடவில்லை.

1899-இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற உடலியல் ஆய்வாளர்கள் இருவரும் நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளை வெட்டிவிட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஒரு பொருளை வைத்ததும், அதற்கு மேலே குடல் சுருங்கியது, கீழே தளர்ந்தது. பொருள் கீழ்நோக்கி நகர்ந்தது. மூளைக்கு இதில் பங்கே இல்லை. தசை அடுக்குகளுக்கு நடுவே ஒன்று, உட்சவ்வுக்கு அடியில் ஒன்று என இரண்டு நரம்பு வலைகள் குடல் நெடுகப் பின்னிக் கிடக்கின்றன. மனிதருக்கு அவற்றில் பத்துக் கோடிக்கும் மேல் நரம்பு செல்கள். 'இரண்டாம் மூளை' என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் அவ்வளவாகப் பிடிக்காது. இது யோசிப்பதில்லை, தள்ளுகிறது. ஆனால் அந்த வேலையைப் பிரமாதமாகச் செய்கிறது.

உணவு சுவரை அழுத்தியதும் உட்பரப்பில் உள்ள சில செல்கள் செரட்டோனின் என்ற தூதுப்பொருளை வெளியே விடுகின்றன. அது பக்கத்து உணர் நரம்புகளின் நுனியை உசுப்புகிறது. சுவர் இழுபடுவதை நேரடியாக உணரும் நரம்புகளும் உண்டு. அங்கிருந்து சேதி இடைநரம்புகள் வழியாக இரண்டு பக்கமும் போகிறது. மேல்பக்கம் போனது தசைக்கு அருகே அசிட்டைல்கோலினாகவும் 'பி பொருள்' என்ற பெப்டைடாகவும் (குட்டிப் புரதத் துண்டு) கொட்டும். தசை சுருங்கும்.

கீழ்ப்பக்கக் கதைதான் சுவாரசியம். 1960-களில் பர்ன்ஸ்டாக் என்ற ஆய்வாளரின் குழுவினர் அசிட்டைல்கோலினையும், இன்னொரு நரம்புத் தூதான நார்அட்ரினலினையும் மருந்தால் முடக்கிவிட்டு நரம்பைத் தூண்டினார்கள். அப்போதும் தசை தளர்ந்தது. அப்படியானால் தூது போனது எது? தெரியாததால், 'அட்ரினலினும் இல்லை, கோலினும் இல்லை' என்பதையே அந்த நரம்புகளுக்குப் பெயராக வைத்தார்கள். இல்லாததை வைத்துப் பெயர் சூட்டுவது அறிவியலுக்கே உரிய குசும்பு. செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபிதான் அந்தத் தூது என்று பர்ன்ஸ்டாக் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1990 வாக்கில் இன்னொன்றும் சிக்கியது: நைட்ரிக் ஆக்சைடு. அது ஒரு வாயு. மற்ற தூதுகளைப் போலக் குட்டிப் பைகளில் அடைத்து வைக்க முடியாது. தேவைப்படும் கணத்தில் நரம்பு செல் அதைத் தயாரிக்கிறது. அது சவ்வுகளைத் தாண்டிப் பரவித் தசையைத் தளர்த்திவிட்டு, சில நொடிகளில் அழிந்துவிடும். ஏடிபி சட்டென்று தளர்த்தும். நைட்ரிக் ஆக்சைடு அதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும்.

செரட்டோனினுக்கு வருவோம். உடலில் உள்ளதில் சுமார் 90 சதவீதம் குடலில் என்பது சரிதான். ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அதனால் 'குடலைச் சரிசெய்தால் மூளையில் செரட்டோனின் ஏறும், மனநிலை மாறும்' என்று யாராவது எதையாவது விற்றால் வாங்காதீர்கள். குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகக் குடலின் சேதி மேலே போகிறது என்பது வேறு விஷயம். குமட்டல் வருவதே ஓரளவு அப்படித்தான். வாந்தியை நிறுத்தும் ஆன்டான்செட்ரான் செரட்டோனின் ஏற்பிகளில் (அந்தத் தூதை வாங்கிக்கொள்ளும் இடங்களில்) ஒரு வகையை அடைக்கிறது. அதைச் சாப்பிட்டுவிட்டு மலச்சிக்கலில் தவித்தவர்களுக்கு, அதே தூது குடலில் வேறு வேலையும் பார்க்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

'விடு' என்ற சொல் எவ்வளவு முக்கியம் என்பதை எனக்குப் புரியவைத்தது ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய். சுமார் 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். கரு வளரும்போது இந்த நரம்பு செல்களின் முன்னோடிகளில் பெரும்பாலானவை கழுத்துப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, குடல் நெடுக இறங்கி வருகின்றன. சில குழந்தைகளில் கடைசிப் பகுதியை எட்டுவதில்லை. நரம்பே இல்லாத இடம் துவண்டு கிடக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை, இறுகிப்போய் நிற்கும். தளர்த்தச் சொல்ல அங்கே ஆள் இல்லை. மலம் அதைத் தாண்ட முடியாமல் தேங்கி, மேலே நன்றாக இருக்கும் குடல்தான் வீங்கிப் பெரிதாகிறது. படத்தில் பார்த்தால் வீங்கிய பகுதியில்தான் கோளாறு என்று தோன்றும். அறுவை மருத்துவர் வெட்டி எடுப்பது அதற்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும் துண்டை.