நூலகப் படிப்புக்கு 30,000 டாலர்: கடனா, கைக்காசா?

கேள்வி: ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் இருக்கிறோம். எனக்கு 42 வயது. இந்தியாவில் பி.காம். முடித்தேன். இங்கே பொது நூலகத்தில் வாரம் 15 மணி நேரம் உதவியாளர் வேலை, மணிக்கு 17 டாலர். கணவர் மென்பொருள் துறையில் இருக்கிறார். இருவர் சம்பளமும் சேர்த்து ஆண்டுக்கு 1,45,000 டாலர். கிரீன் கார்டு வந்துவிட்டது. மகள் இன்னும் நான்கு ஆண்டில் கல்லூரிக்குப் போவாள். வங்கியில் 22,000 இருக்கிறது, மாதச் செலவு போக 700 மிஞ்சும். ஆன்லைனில் நூலக, தகவல் அறிவியல் முதுகலை (எம்.எல்.ஐ.எஸ்.) படிக்க ஆசை. 36 கிரெடிட் (பாட அளவு), எல்லாம் சேர்த்து 30,000 டாலர். "லோன் போடு, அரசு நூலகத்தில் சேர்ந்தால் தள்ளுபடி ஆகிவிடும்" என்கிறாள் தோழி. தன் 401கே (ஓய்வுக்காலச் சேமிப்பு) கணக்கிலிருந்து எடுக்கலாம் என்கிறார் கணவர். இந்த வயதில் இது தேவைதானா?

பதில்: வயதை விட்டுத்தள்ளுங்கள். 45-ல் முடித்தாலும் முன்னால் 20 ஆண்டு வேலைக்காலம் இருக்கிறது. போட்ட 30,000 திரும்புமா, அதை எந்தப் பணத்தில் கட்டுவது, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

திரும்புமா என்பது பட்டத்தைவிட உங்கள் ஊர் வேலைச் சந்தையைப் பொறுத்தது. அமெரிக்காவில் நூலகர்களின் இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ்) ஆண்டுக்கு ஏறக்குறைய 64,000 டாலர். புதிதாகச் சேர்பவருக்கு அதைவிடக் குறைவாகவே இருக்கும். 50,000 என்று வைத்துக்கொள்வோம். முழுநேர வேலை கிடைத்துவிட்டால், வரி போனாலும் ஒன்றரை ஆண்டுக்குள் செலவு தேறிவிடும். ஆனால் பொது நூலகங்களில் பகுதிநேர வேலைகள் நிறைய. அதே 15 மணி நேரம், மணிக்கு 26 டாலர் என்று கிடைத்தால்? கூடுதல் வருமானம் ஆண்டுக்கு 7,020 டாலர்தான். வரியும் பிடித்த பிறகு, போட்ட பணத்தை எடுக்க ஆறேழு ஆண்டு ஆகும். இரண்டில் எது உங்களுக்கு நடக்கும் என்பதை வீட்டிலிருந்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். உங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேர ஓட்டத்துக்குள் இருக்கும் நூலகங்களின் வேலை அறிவிப்புகளை மூன்று மாதம் எடுத்து வையுங்கள். எம்.எல்.ஐ.எஸ். கட்டாயம் என்று எத்தனை கேட்கின்றன, அவற்றில் முழுநேரம் எத்தனை என்று எண்ணுங்கள். உங்கள் மேலாளரிடமும் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்: பட்டம் வாங்கினால் இங்கேயே மேலே போக வழி உண்டா? நூலகத்துக்குள் ஏற்கெனவே கால் வைத்திருப்பது உங்களுக்குப் பெரிய பலம். வேலை அனுபவமே இல்லாமல் பட்டத்தோடு மட்டும் வருபவர்கள்தான் திண்டாடுகிறார்கள்.

படிப்பு ஏ.எல்.ஏ., அதாவது அமெரிக்க நூலகச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். பெரும்பாலான வேலை அறிவிப்புகள் இதைக் குறிப்பிட்டே கேட்கும். ஆன்லைனில் படித்தாலும் வகுப்பறையில் படித்தாலும் அங்கீகாரம் ஒன்றுதான். சங்கத்தின் பட்டியலில் அந்தப் படிப்புக்கு நேரே 'நிபந்தனை' (அங்கீகாரம் நீடிக்குமா என்பது உறுதியில்லை) என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் மாநிலத்திலேயே கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் இதை முழுக்க ஆன்லைனில் நடத்துகிறது. ஜார்ஜியாவின் வால்டோஸ்டா ஸ்டேட் போன்ற சில இடங்களில் வெளிமாநிலத்தவருக்கும் ஒரே கட்டணம்தான். ஒப்பிடும்போது ஒரு கிரெடிட்டின் விலையோடு தொழில்நுட்பக் கட்டணம், ஆன்லைன் கட்டணம் என்று ஓரத்தில் ஒட்டிக்கொள்பவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், உங்களுடையது மூன்றாண்டு பி.காம். என்று நினைக்கிறேன். சில பல்கலைக்கழகங்கள் அதை ஏற்கும், சில நான்காண்டுப் பட்டம் கேட்கும். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

தோழி சொன்ன தள்ளுபடி உண்மையான திட்டம்தான், ஆனால் உங்களுக்குப் பயன்படாது. அரசு அல்லது லாப நோக்கற்ற அமைப்பில் முழுநேரம் வேலை பார்த்துக்கொண்டே 120 தவணை கட்டியிருந்தால், மிச்சக் கடனைத் தள்ளுவார்கள். 120 தவணை என்பது பத்து ஆண்டு. 2026 ஜூலைக்கு முன் வாங்கிய கடனென்றால் சாதாரணத் திட்டமே பத்து ஆண்டில் முடிந்துவிடும், தள்ள மிச்சம் ஏது? வருமானத்தை வைத்துத் தவணையைக் குறைக்கும் திட்டங்கள் உண்டு. ஆனால் கணவரோடு சேர்ந்து வரி தாக்கல் செய்யும்போது அவர் சம்பளமும் கணக்கில் வரும், தவணை குறையாது. தள்ளுபடிக்காகத் தனித்தனியாகத் தாக்கல் செய்தால், நான் கீழே சொல்லப்போகும் வரிச் சலுகை போய்விடும். 2025-26 கல்வியாண்டில் முதுகலை மாணவருக்கான மத்திய அரசுக் கடன் வட்டி 7.94 சதவீதம். அந்த வட்டியில் 30,000 வாங்கிப் பத்து ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 363 டாலர், வட்டி மட்டும் 13,500-ஐத் தாண்டும்.

401கே பக்கம் போகவே வேண்டாம். 59½ வயதுக்கு முன் எடுத்தால் வருமான வரியோடு பொதுவாக 10 சதவீத அபராதமும் உண்டு. படிப்புச் செலவு என்று விலக்கு தரமாட்டார்கள். அதிலிருந்து கடனாக எடுக்கலாம்தான். ஆனால் கணவருக்கு வேலை போனால் பாக்கியை விரைவில் கட்ட வேண்டிவரும், முடியாவிட்டால் அது எடுத்த பணமாகிவிடும். மென்பொருள் துறையில் ஆட்குறைப்பு நடக்கும் காலத்தில், சம்பளமும் கடனும் ஒரே கம்பெனியில் தொங்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, பணத்துக்கு என்ன வழி? மெதுவாகப் படியுங்கள். 'லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட்' என்று ஒரு வரிச் சலுகை இருக்கிறது. ஓர் ஆண்டில் கட்டும் கல்விக் கட்டணத்தில் முதல் 10,000 டாலருக்கு 20 சதவீதம், அதாவது அதிகபட்சம் 2,000, நீங்கள் கட்ட வேண்டிய வரியிலிருந்து கழியும். ஒரே ஒரு பாடம் எடுத்தாலும் உண்டு. 30,000-ஐ இரண்டு ஆண்டில் கட்டினால் 4,000 மிச்சம். மூன்று ஆண்டில் ஆண்டுக்குப் பத்தாயிரமாகக் கட்டினால் 6,000. 36 கிரெடிட் என்றால், ஒவ்வொன்றும் மூன்று கிரெடிட்டாக 12 பாடங்கள். ஆண்டுக்கு நான்கு: வசந்தப் பருவத்தில் ஒன்று, கோடையில் ஒன்று, இலையுதிர் பருவத்தில் இரண்டு. வேலையும் வீடும் வைத்துக்கொண்டு அதற்குமேல் இழுப்பது சிரமம்தான்.

கணக்கைப் பாருங்கள். மாதம் 700 என்றால் ஆண்டுக்கு 8,400. முதல் ஆண்டில் துண்டு விழும் 1,600-ஐ மட்டும் சேமிப்பிலிருந்து எடுங்கள். அடுத்த ஆண்டிலிருந்து வரியில் மிச்சமாகும் 2,000 சேர்ந்து 10,400 ஆகிவிடும். கடன் இல்லை, 20,000 டாலர் அவசரத்துக்கு அப்படியே இருக்கும், மகள் கல்லூரிக்குப் போகும்போது உங்கள் படிப்பும் முடிந்திருக்கும். நூலகத்தின் மனிதவளப் பிரிவில் பகுதிநேர ஊழியருக்குக் கல்வி உதவி உண்டா என்று கேளுங்கள். முதலாளி தருவதில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரி கிடையாது. அந்தத் தொகைக்கு மட்டும் வரிச் சலுகை கேட்க முடியாது. ஏ.எல்.ஏ.யும் மாநில நூலகச் சங்கங்களும் தரும் உதவித்தொகைகளுக்கும் விண்ணப்பியுங்கள், ஆனால் கிடைக்கும் என்று திட்டம் போடாதீர்கள்.

ஒன்றில் கவனம். லைஃப்டைம் லேர்னிங் சலுகை, தம்பதியின் வருமானம் 1,60,000-ஐத் தாண்டினால் குறையத் தொடங்கி, 1,80,000-ல் நின்றுவிடும். படிக்கும்போதே முழுநேர வேலை வந்தால் வேலையை விடாதீர்கள், சலுகையை விடுங்கள். ஜனவரியில் தொடங்கும் பருவத்தின் கட்டணத்தை டிசம்பரிலேயே கட்டினால் அது பழைய ஆண்டுக் கணக்கில் வரும். வருமானம் ஏறப்போகும் ஆண்டுக்கு முன்பு இப்படி முந்திக்கொள்ளலாம். அந்த ஆண்டின் 10,000 வரம்பு ஏற்கெனவே நிரம்பிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.