தொப்பூர் கணவாயும் பத்து ரூபாய்க் காசும்

கேள்வி: யூடியூப் பார்த்து மூன்று மாதமாக ஒரு ரூபாய்க் காசை மறைக்கும் வித்தை பழகுகிறேன். ஏழாவது படிக்கும் என் தங்கை மகன் ஒவ்வொரு தடவையும், "மாமா, அந்தக் கையில இருக்கு" என்று சொல்லிவிடுகிறான். கைவேகம் போதவில்லையா? வேகத்தைக் கூட்ட என்ன பயிற்சி செய்யலாம்?
– வித்தைப் பிரியன், காவேரிப்பட்டணம்

பதில்: வேகம்! இந்தச் சொல்லைப் பார்த்தாலே தருமபுரி பக்கத்து மலை இறக்கமான தொப்பூர் கணவாய்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ("ஆரம்பிச்சுட்டார்யா" என்று பாலக்கோட்டில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. பரவாயில்லை.) டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று லாரியை நியூட்ரலில் இறக்குகிறார்கள். கியரில் இருந்தால் இன்ஜின் வண்டியைப் பாதி பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில். டிரம் சூடேறி, பிரேக் பிடிக்காமல் போய், முன்னால் போகிற கார்க்காரன் என்ன பாவம் செய்தான்?

உங்கள் கையும் நியூட்ரலில்தான் இறங்குகிறது. காசை ஒளிக்கிற அந்த ஒரு நொடி மட்டும் வெடுக்கென்று வேலையை முடிக்கிறீர்கள். அதற்கு முன்பும் பின்பும் கை சாவகாசமாக இருக்கிறது. சட்டென்று அசைகிற பொருளின் மேல் கண் தானாகப் போய் விழும், பூனைக்கும் அப்படித்தான், ஏழாம் வகுப்புக்கும் அப்படித்தான். கண்ணைவிடக் கை வேகமானது என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் வித்தைக்காரர்களேதான். அது அவர்களுடைய முதல் பொய்.

ஆகவே வேகத்துக்குப் பயிற்சி கிடையாது. இப்படிச் செய்யுங்கள். வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையோடு சேரும் அடிக்கணுவில் காசைப் படுக்க வையுங்கள். ஃபிங்கர் பாம் என்பார்கள். முதலில் நிஜமாகவே அந்தக் காசை இடது கையில் போடுங்கள். இருபது தடவை. வலது கை எந்த உயரத்தில் கவிழ்கிறது, இடது விரல்கள் எப்போது மூடுகின்றன, உங்கள் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். இருபத்தோராவது தடவை எல்லாம் அப்படியே நடக்கட்டும். கவிழும்போது வலது கையின் அந்த இரண்டு விரல்கள் மட்டும் லேசாக மடங்கிக் காசைப் பிடித்துக்கொள்ளும். இடது விரல்கள் வலது விரல் நுனிகளின் மேல் மூடும், அங்கிருந்து வலது கை உருவிக்கொண்டு வரும். நிஜத்துக்கு எடுத்த நேரமே பொய்க்கும்.

பையன் கண்டுபிடிப்பது எங்கே என்றும் சொல்லிவிடலாம். முதல் குற்றவாளி உங்கள் கண். காசு வலது கையில் இருப்பது தெரிந்ததால் அதையே பார்க்கிறீர்கள். இடது கையைப் பாருங்கள், அது மேலே எழும்போது பார்வையும் கூடவே எழட்டும். இரண்டாவது, வலது கை விறைத்துக் கட்டை விரல் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். சும்மா தொங்குகிற கையில் விரல்கள் எப்போதும் கொஞ்சம் வளைந்தே இருக்கும், அந்த வளைவில் காசு தானாகவே தங்கும், இறுக்க வேண்டியதில்லை. மூன்றாவது, காசு இருப்பதாகச் சொல்லும் இடது கையைப் பாறாங்கல் மாதிரி மூடுவது. உள்ளே காசு இருக்கும் அளவுக்கு இடம் விட்டு மூடுங்கள். நான்காவது அவசரம். மூடினதும் திறந்துவிடாதீர்கள். நாலு விநாடி பொறுங்கள். அதற்குள் 'மந்திரக்கோல்' எடுப்பதாக வலது கை சட்டைப்பைக்குப் போய், காசை விட்டுவிட்டுப் பேனாவோடு வரட்டும். இப்போது இரண்டு கையையும் காட்டலாம். உட்கார்ந்து செய்வதானால் மடியில் நழுவவிடலாம். இதற்கு வேட்டியை மிஞ்சிய உடை உலகத்தில் இல்லை. இரண்டு முழங்காலுக்கு நடுவே தூளி மாதிரி தொங்கிச் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். பேண்ட் என்றால் காசு உருண்டு, தரையில் கிணுங்கி, மானத்தை வாங்கும்.

கண்ணாடி முன்னால் பழகாதீர்கள். காசை ஒளிக்கும் நொடியில் புதியவர்கள் பலர் தங்களை அறியாமல் கண் சிமிட்டுவார்கள். சிமிட்டும் கண்ணுக்குக் கண்ணாடியில் என்ன தெரியும்? செல்போனில் படம் பிடித்துப் பாருங்கள். போனைப் பையனின் கண் உயரத்தில் வையுங்கள். அவன் குள்ளம், உங்கள் கைக்கு அடியிலிருந்து பார்க்கிறான்.

இன்னொன்று, ஒரே வித்தையை அவனுக்கு எத்தனை தடவை காட்டினீர்கள்? எந்தச் சீட்டு வித்தையானாலும் மூன்று தடவை காட்டினால் கண்டுபிடித்துவிடுவேன் என்று மார்தட்டியவர் பிரபல வித்தைக்காரர் ஹூடினி. 1922ல் சிகாகோவில் டாய் வெர்னன் என்ற சீட்டு வித்தைக்காரர், ஹூடினி கையெழுத்துப் போட்ட சீட்டைக் கட்டில் மேலிருந்து இரண்டாவதாகச் செருக, அது திரும்பத் திரும்ப மேலே வந்துகொண்டே இருந்தது. ஹூடினிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் நீங்கள் வெர்னன் இல்லை, உங்கள் மருமகன் ஹூடினியைவிடக் கெட்டிக்காரன். பெரியவர்கள் நீங்கள் பார்க்கும் இடத்தை மரியாதைக்காகவாவது பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது.

காசையும் மாற்றுங்கள். 2019க்குப் பிறகு வந்த ஒரு ரூபாய் 20 மில்லிமீட்டர்தான், சட்டைப் பொத்தானுக்கு அண்ணன். வெள்ளைக்காரர் பாடமெல்லாம் அமெரிக்க அரை டாலரை வைத்து எழுதியது, அது 30.6 மில்லிமீட்டர். நம்மிடம் கிட்ட வருவது பத்து ரூபாய்க் காசு: 27 மில்லிமீட்டர், 7.71 கிராம், இரண்டு நிறம் என்பதால் தூரத்திலிருந்தும் தெரியும். இதில் ஒரே ஒரு இடைஞ்சல். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லியும், நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் இதை நீட்டினால் நோட்டு இல்லையா என்கிறார்கள். அப்படிப்பட்ட காசை நீங்கள் மறைத்தால் கூட்டம் திகைக்குமா? "விட்டது சனியன்" என்று கை தட்டும். திரும்ப வரவழைத்தால்தான் பீதி. கல்யாண வீட்டில் யார் காதிலிருந்தாவது பத்து ரூபாய்க் காசை எடுத்துப் பாருங்கள், "எனக்கு வேண்டாம், நீயே வெச்சுக்கோ" என்பார்.

யூடியூப் என்றீர்களே. வித்தையைக் காட்டி முடித்த கையோடு ரகசியத்தையும் போட்டு உடைக்கும் புண்ணியவான்கள் தகடூர் அதியமானிடம் பாடம் கேட்க வேண்டும். நெல்லிக்கனியின் பலனைத் தனக்குள் அடக்கிக்கொண்டு, பேச்சு மூச்சு காட்டாமல் கொடுத்தான் என்று ஔவை பாடுகிறாள் (புறநானூறு 91). இந்தக் காலத்து ஆள் என்றால், "இந்தக் கனியில் ஒளிந்திருக்கும் ரகசியம், கடைசிவரை பாருங்கள்" என்று தலைப்புப் போட்டு, கனியையும் தானே தின்றிருப்பார். ரகசியத்தை உடைக்க நியாயமான காரணம் ஒன்றே ஒன்று உண்டு. கஞ்சியில் பிசைந்து காயவைத்த விபூதி உருண்டையைக் கட்டை விரல் இடுக்கில் வைத்துக்கொண்டு கடவுள் என்று சொல்கிறவனின் ரகசியத்தை ஊரறிய உடைக்கலாம். போத்தனூரில் வாழ்ந்த பகுத்தறிவாளர் பிரேமானந்த் ஆயுள் முழுக்க அதைச் செய்தார். அவர் எதிரிகள் சாமியார்கள், வித்தைக்காரர்கள் இல்லை.

காவேரிப்பட்டணம் என்று போட்டிருப்பதால் ஒரு ஆசை. தெருவித்தைக்காரர்கள் மாங்கொட்டையை மண்ணில் புதைத்துத் துணியால் மூடி, முளையாக்கி, செடியாக்கிக் காட்டிய வித்தை வெளிநாட்டுக்காரர்களையும் வாய் பிளக்க வைத்தது. அதில் துளி வேகம் இல்லை. துணியை மூடிவிட்டு வேறு நாலு வித்தை காட்டுவார்கள், கூட்டம் மாங்கொட்டையை மறந்திருக்கும் நேரத்தில் துணிக்கடியில் வேலை முடிந்திருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அதை மீட்டெடுக்க ஒருவரும் இல்லையா? கொட்டை பஞ்சமில்லை. தோத்தாபுரி மாங்காயைக் கூழ் ஆலைக்கு ஏற்றிவிட்டுக் கணக்குப் பார்க்கும் விவசாயியின் காசு மறைகிற வித்தை மட்டும் ஒவ்வொரு சீசனிலும் தவறாமல் நடக்கிறது. அங்கே ஒளிக்கிற கை எதுவென்று சொல்ல உங்கள் மருமகனை அனுப்பிவையுங்கள்.

பழகுவதற்குப் பத்து ரூபாய்க் காசு வேண்டுமானால் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். சந்தாப் பணத்தில் வந்தது ஒரு டப்பா நிறைய இருக்கிறது. நோட்டாக மாற்றிக்கொடுத்தால் போதும்.