மூன்று மணி நேரம் மேசையில் இருந்த டிப்

கேள்வி: கோடை விருந்துக்கு மயோனைஸும் ஃப்ரெஷ் கிரீமும் கலந்து, வெள்ளரிக்காய், கேரட், பசலைக்கீரை சேர்த்து டிப் செய்தேன். வெந்த கீரையைக் கையாலேயே பிழிந்து போட்டேன். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, மாலையில் மேசையில் வைத்தேன். மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தது. சாப்பிட்டவர்களில் நான்கு பேருக்கு அன்றிரவே வாந்தி. காய்ச்சல் இல்லை, மறுநாள் சரியாகிவிட்டது. மயோனைஸ்தான் காரணமா? அடுத்த மாதம் இன்னொரு விருந்து இருக்கிறது. மாமியாருக்கு ரத்தக் கொதிப்பு. நாத்தனார் ஐந்து மாதக் கர்ப்பிணி. பயமில்லாமல் இதைச் செய்ய முடியுமா?

பதில்: முடியும். மயோனைஸைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவார்கள். கடையில் பாட்டிலில் வரும் மயோனைஸில் வினிகர் இருக்கும்; முட்டை சேர்த்திருந்தால் அதுவும் பெரும்பாலும் பாஸ்டரைஸ் செய்தது, அதாவது கிருமி அழியும்படி சூடாக்கியது. அந்தப் புளிப்பில் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. அதே மயோனைஸில் கிரீமையும் நீர் விடும் காய்களையும் கலந்தால் புளிப்பு நீர்த்துப்போய், பாதுகாப்பும் போய்விடுகிறது.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி, காய்ச்சல் இல்லை, ஒரே நாளில் தெளிவு. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என் சந்தேகம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியின் நஞ்சின் மேல்தான் போகிறது. சோதனை செய்யாமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பச்சை முட்டையால் வரும் சால்மோனெல்லாவாக இருந்தால் பெரும்பாலும் காய்ச்சலும் பேதியும் வந்து, சில நாட்கள் நீடித்திருக்கும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மூக்கிலும் தோலிலும் குடியிருப்பது. அவர்களுக்கு அதனால் தொல்லை இல்லை. கையால் கீரை பிழிந்தபோது அது டிப்புக்குள் போயிருக்கலாம். வெதுவெதுப்பில் மூன்று மணி நேரம் அது பெருகி நஞ்சை விட்டிருக்கும். அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது, குளிர வைத்தாலும் போகாது. வாசனையிலும் ருசியிலும்கூடத் தெரியாது. அதனால் ‘முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது’ என்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை.

அடுத்த முறை கிரீமை விட்டுவிடுங்கள். பாஸ்டரைஸ் செய்த பாலில் உறைந்த கெட்டித்தயிர் ஒரு கிலோவை, கொதிநீரில் போட்டெடுத்த மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, கீழே ஒரு பாத்திரம் கொடுத்து 6 முதல் 8 மணி நேரம் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வடிய விடுங்கள். சமையலறையில் ஆணியில் தொங்கவிட வேண்டாம், புளித்துப்போகும். சுமார் 400 கிராம் கிடைக்கும், பத்துப் பேருக்குப் போதும். மயோனைஸ் 3 மேசைக்கரண்டி சேர்த்தால் அந்த வழவழப்பு வந்துவிடும். ஒரு மேசைக்கரண்டியிலேயே ஏறக்குறைய 10 கிராம் கொழுப்பு இருக்கிறது, அதற்கு மேல் போக வேண்டாம். வீட்டில் பச்சை முட்டை அடித்துச் செய்த மயோனைஸ் இந்த விருந்துக்குக் கூடவே கூடாது.

டிப் கெடுவதும் தண்ணீராவதும் பெரும்பாலும் காயில் இருக்கும் நீரால்தான். 250 கிராம் வெள்ளரிக்காயை விதை நீக்கித் துருவி, அரைத் தேக்கரண்டி உப்புப் பிசிறி 15 நிமிடம் வையுங்கள். பிறகு துணியில் முடிந்து முறுக்கினால் கால் டம்ளருக்கு மேலேயே நீர் இறங்கும். உப்பில் ஒரு பகுதியும் அதோடு போய்விடும். 100 கிராம் கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, ஐஸ் நீருக்கு மாற்றி, நன்றாக ஆறிய பிறகு இன்னொரு சுத்தமான துணியில் பிழியுங்கள். எலுமிச்சம்பழ அளவு உருண்டையாகச் சுருங்கிவிட்டால் சரியான பதம். சூடாகச் சேர்த்தால் மொத்தத் தயிரும் வெதுவெதுப்பாகி, மறுபடி குளிர வெகுநேரம் ஆகும். ஒரு கேரட், பாதிக் குடைமிளகாய், ஒரு பல் பூண்டு, மிளகுத்தூள், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. எல்லாவற்றையும் கரண்டியால் மடித்துக் கலக்குங்கள். மிக்சியில் ஓட்டினால் தயிரின் கட்டு உடைந்து மோராகிவிடும். பூண்டைக் கூட்டாதீர்கள், ஃப்ரிட்ஜில் இருக்க இருக்க அதன் காரம் ஏறும். விரலில் வெட்டுக்காயமோ கொப்புளமோ இருப்பவர் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

கலந்ததை ஆழமான ஒரே பாத்திரத்தில் நிரப்பாமல், மூன்று தட்டையான டப்பாக்களில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் வையுங்கள். கெட்டியான பொருளின் நடுப்பகுதி மிக மெதுவாகத்தான் குளிரும். ஃப்ரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும். விருந்தில் ஒரு டப்பாவை மட்டும் வெளியே எடுத்து, கிண்ணத்தின் கழுத்து வரை ஐஸில் பதித்து வையுங்கள். வெளி வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம், குறைவாக இருந்தால் இரண்டு மணி நேரம். அதற்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிட்டு அடுத்ததை எடுங்கள். மிச்சத்தைப் புதியதோடு சேர்ப்பது, ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் நடக்கும் தவறு. கிண்ணத்தில் ஒரு கரண்டி போட்டு, அவரவர் தட்டில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடித்த துண்டை மறுபடி முக்குபவர் எந்த விருந்திலும் ஒருவராவது இருப்பார். மேசைக்கு வராத டப்பா ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். ஃப்ரீசரில் வைத்தால் உருகும்போது தயிர் தனி, நீர் தனியாகிவிடும்.

மாமியாருக்கு இந்த டிப்பால் பிரச்சினை இல்லை. மேலும் உப்புப் போடாதீர்கள், மயோனைஸிலேயே இருக்கிறது. தொட்டுக்கொள்ள வைக்கும் சிப்ஸில்தான் உப்பு ஏறும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அவருக்கு வெள்ளரி, கேரட் குச்சிகளைக் கொடுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் மட்டும், கீரையின் அளவைத் திடீரென்று கூட்ட வேண்டாம்.

நாத்தனார் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜின் குளிரிலும் வளரும்; கருவைப் பாதிக்கும். அவருக்கான பங்கை, அன்றே செய்ததிலிருந்து முதலில் தனியாக எடுத்து வையுங்கள். வெட்டிப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் காய்களைப் பயன்படுத்த வேண்டாம். முழுக் காயை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவி வீட்டில் நறுக்குங்கள். லிஸ்டீரியாவின் அறிகுறி சில வாரங்கள் கழித்தும் வரலாம். ஆகவே விருந்துக்குப் பின் அவருக்குக் காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால், சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று விடாமல் அன்றே மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, என்ன சாப்பிட்டார் என்பதையும் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு வாந்தி வந்தால் ஓஆர்எஸ் கரைசலை ஒவ்வொரு வாயாகக் கொடுங்கள். ஆன்டிபயாடிக் இந்த நஞ்சுக்கு வேலை செய்யாது. தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, மலத்தில் ரத்தம், எழுந்தால் தலைசுற்றல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.