வாசகர் கேள்விகள்: முத்துலட்சுமி ரெட்டியும் மூன்று மசோதாக்களும்

தேவதாசி ஒழிப்புச் சட்டத்தை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1929-இல் நிறைவேற்றினார் என்று ஒரு நூலில் படித்தேன். இன்னொரு நூல் 1947 என்கிறது. எது சரி?
– வாசகர், கும்பகோணம்

இரண்டு ஆண்டுகளிலும் சட்டம் நிறைவேறியது உண்மை. ஆனால் அவை இரு வேறு சட்டங்கள். நடுவில் 1930-இல் நிறைவேறாமல் நின்றுபோன மசோதா ஒன்றும் உண்டு. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து எழுதிவிடுவதால்தான் இந்தக் குழப்பம்.

1927 நவம்பரில் சென்னை மாகாணச் சட்டசபையில் முத்துலட்சுமி ரெட்டி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இளம்பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி, அதாவது தெய்வத்தின் பெயரால் தாலி கட்டித் தேவதாசியாக நேர்ந்து விடும் வழக்கத்தை நிறுத்த அரசு சட்டம் இயற்ற வேண்டும் என்று பரிந்துரைப்பதே அதன் சாரம். தீர்மானம் ஏற்கப்பட்டது, ஆனால் அரசு தானாக எதையும் செய்துவிடவில்லை. மத விஷயத்தில் கைவைக்க ஆங்கிலேய அரசுக்கு இருந்த தயக்கம் ஊரறிந்தது. சிறுமிகளை விபசாரத்துக்காக விற்பதும் வாங்குவதும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373-ஆம் பிரிவுகளின்படி ஏற்கெனவே குற்றம்தானே என்ற வாதமும் இருந்தது. ஆனால் கோயிலில் சடங்காக நடக்கும் பொட்டுக்கட்டில், பெண்ணை அந்த நோக்கத்தோடுதான் ஒப்படைத்தார்கள் என்பதை நீதிமன்றத்தில் நிரூபிப்பது எளிதாக இருக்கவில்லை.

ஆகவே அவர் வேறு வழியில் போனார். இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு 1929-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். இந்தத் திருத்தம் யாரையும் தண்டிக்கவில்லை. பொட்டுக்கட்டுவதைக் குற்றம் என்றும் சொல்லவில்லை. அது தொட்டது நிலத்தை. கோயில் ஊழியத்துக்காகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு இனாம் நிலங்கள் விடப்பட்டிருந்தன. ஊழியம் தொடரும் வரைதான் அனுபவம். மூத்தவளுக்குப் பின் அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் ஊழியத்துக்கு வராவிட்டால் நிலம் கைவிட்டுப் போகும். மகளுக்குத் திருமணம் செய்துவைக்க ஒரு தாய் விரும்பினாலும், அந்த விருப்பத்துக்கு விலை குடும்பத்தின் சோறு. ஊழிய நிபந்தனையை நீக்கி, ஒரு சிறு தீர்வையை மட்டும் விதித்து, நிலத்தை அந்தப் பெண்களுக்கே உரிமையாக்க அந்தத் திருத்தம் வழி செய்தது.

இந்தச் சிறிய திருத்தம்தான் அவருடைய சட்டசபைப் பணியில் மிகக் கூர்மையானது என்பது என் கருத்து. ஒரு வழக்கம் எந்த ஆதாரத்தில் நிற்கிறது என்று பார்த்து அந்த ஆதாரத்தையே அகற்றும் சட்டங்கள் நம் சட்டசபைகளில் அதிகம் வந்ததில்லை. ஒரு குறையும் உண்டு: இனாம் நிலம் இல்லாத தேவதாசிகளுக்கு இதனால் பயன் எதுவும் இல்லை.

பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை அவர் 1930 ஜனவரியில் அறிமுகப்படுத்தினார். அது பொதுமக்கள் கருத்துக்காகச் சுற்றுக்கு விடப்பட்டது. அது சட்டமாவதற்கு முன்பே அவர் சபையை விட்டு விலகினார். அந்த நோக்கம் 1947-இல்தான், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சிக் காலத்தில், சென்னை தேவதாசிகள் சட்டமாக நிறைவேறியது. அப்போது முத்துலட்சுமி சபையில் இல்லை.

அவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவரா? ஏன் பதவி விலகினார்?
– வாசகி, புதுக்கோட்டை

தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர், நியமன உறுப்பினர். சென்னை மாகாணப் பெண்களுக்கு வாக்குரிமை 1921-இல் கிடைத்தது. சபையில் அமரும் உரிமை 1926-இல்தான் வந்தது. அதைத் தொடர்ந்து அரசு அவரை நியமித்தது. நியமனத்தில் வந்தவரைச் சபை உறுப்பினர்களே துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தி கைதானதை அடுத்து, 1930-இல் அவர் பதவியைத் துறந்தார்.

குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் அவருக்குப் பங்கு உண்டா?
– வாசகர், சேலம்

அந்தச் சட்டம் மத்திய சட்டசபையில் ஹர்பிலாஸ் சார்தா கொண்டுவந்தது. சென்னையில் இருந்தவருக்கு அங்கே வாக்கு இல்லை. மாகாணச் சபையால் செய்ய முடிந்தது பரிந்துரை மட்டுமே. அந்த எல்லைக்குள் நின்று அவர் கேட்ட வயது, சட்டம் பின்னர் தந்த வயதைவிட அதிகம்: பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21. 1929-இல் நிறைவேறிய சார்தா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று நிறுத்திக்கொண்டது. அதுவும் நடத்தியவர்களுக்குத் தண்டனை உண்டு என்றதே தவிர, நடந்த திருமணம் செல்லாது என்று சொல்லவில்லை. சட்டம் 1930 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வருவதற்குள் நாடெங்கும் அவசர அவசரமாகப் பல குழந்தைத் திருமணங்கள் நடந்தேறின.

தேவதாசி மசோதாவை எதிர்த்தவர்கள் எல்லாரும் பழமைவாதிகள்தானா?
– வாசகி, மதுரை

பாடப்புத்தகங்களைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். சபையில் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி எதிர்த்தார் என்பதும், தந்தை பெரியாரின் இயக்கமும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் ஆதரித்தார்கள் என்பதும் பலருக்குத் தெரியும். அதிகம் பேசப்படாத மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு; அது தேவதாசிகளே. அவர்கள் சங்கம் அமைத்து அரசுக்கு மனுக்கள் அளித்தார்கள். பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்த எதிர்ப்பில் முன்னணியில் நின்றவர். தங்களையும் விபசாரத்தையும் ஒன்றாக வைத்துப் பேசுவது தவறு என்றும், தடையைவிடக் கல்வியே தேவை என்றும் அவர்கள் வாதிட்டார்கள்.

இதில் சட்ட விஷயம் ஒன்று அடங்கியிருக்கிறது. மற்ற இந்துப் பெண்களுக்குச் சொத்துரிமை மிகக் குறுகியதாக இருந்த காலத்தில், தேவதாசிகள் தாய்வழியில் சொத்தைப் பெறவும் பெண்ணைத் தத்தெடுக்கவும் வழக்கச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. இந்த வழக்கம் ஒழிந்தால் தங்களுக்கு அந்த உரிமைகளும் போகும் என்ற கவலையைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. முத்துலட்சுமியின் தாயாரே, தேவதாசிகள் பலர் வந்த இசை வேளாளர் குலத்தில் பிறந்தவர். ஆகவே அந்த வாழ்க்கையை வெளியிலிருந்து மட்டும் பார்த்துப் பேசினார் என்று அவரைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் எல்லாத் தேவதாசிகளையும் ஒரே தட்டில் வைத்து அவர் பேசியதில் இந்த வாதத்துக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

சிறுமிகளின் நிலை வேறு. சம்மதம் சொல்லும் வயது வராதவளுக்குப் பொட்டுக்கட்டுவதை எந்தக் கலையின் பெயராலும் காக்க முடியாது. அந்த இடத்தில் முத்துலட்சுமியின் வாதத்துக்கு எதிர்த்தரப்பிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் 1947 சட்டம் சிறுமிகளோடு நிற்கவில்லை. பொட்டுக்கட்டுவதற்கு ஆறு மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம் என்று விதித்ததோடு, கோயில் வளாகத்திலும் சுவாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையே சட்டவிரோதமாக்கியது. அப்போது வயதாகிவிட்டிருந்த, ஆட்டத்தைத் தவிர வேறு தொழில் அறியாத பெண்களுக்குப் பிழைப்புக்கான ஏற்பாடு எதுவும் அந்தத் தண்டனைப் பிரிவுகளோடு வரவில்லை.