மிரண்டது குதிரையா?

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 43, ஊர் மைசூரு. ராணுவத்தில் 17 வருஷம் இருந்தேன். ரைடராக, அதாவது குதிரை ஓட்டும் வீரனாகச் சேர்ந்தவன், கடைசி வருஷங்களில் மலை எல்லையில் கோவேறு கழுதைகளோடு நடந்தேன். ஓய்வு பெற்றபின் குதிரைப் போலீஸ். முதல் உலகப் போரில், 1918-இல், இன்றைய இஸ்ரேலில் உள்ள ஹைஃபாவில் ஈட்டியோடு பாய்ந்த மைசூர் லான்சர்ஸ் குதிரைப்படையின் ஊர் இது. சேணம் பூட்டும்போது அந்தப் பெருமை எனக்கும் உண்டு.

தசரா ஊர்வலத்தன்று 21 குண்டு போடுவார்கள். அந்தச் சத்தம் யானைக்கும் குதிரைக்கும் பழகட்டும் என்று முன்கூட்டியே பீரங்கி ஒத்திகை நடக்கும். போன வருஷம் முதல் குண்டுக்கு என் குதிரை பைரவி காதை மட்டும்தான் திருப்பினாள். இரண்டாவது குண்டுக்கு என் தொடை இறுகிவிட்டது, கடிவாளத்தை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். முன்னங்காலைத் தூக்கிவிட்டாள். "குதிரை மிரண்டுடுச்சு சார்" என்று நானே சொன்னேன். அவளை ஊர்வலத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மலையில் ஷெல் விழுந்த அன்று கயிறு என் கையில் இருந்தது, மறுமுனையில் கழுதை இல்லை. இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை. இப்போது கதவு படாரென்று சாத்தினாலே உட்கார்ந்துவிடுகிறேன். ராத்திரி ரம் இல்லாமல் தூக்கம் வருவதில்லை. மறுபடி தசரா வருகிறது. வேலையை விட்டுவிடவா?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரருக்கு,

பைரவியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள், கழுதையைப் பற்றி ஒரே வரி. அந்த ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன்.

நீங்கள் சொல்வதெல்லாம் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநெருக்கடியோடு ஒத்துப்போகிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இது கோழைத்தனம் இல்லை. குண்டு விழும் இடத்தில் உயிரைக் காப்பாற்றிய உடம்பு, ஆபத்து போய்விட்டது என்பதை இன்னும் நம்பவில்லை.

இதற்கான சிகிச்சையில் ஒரு பகுதி உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். புதுக் குதிரையை எடுத்த எடுப்பில் பீரங்கிப் பக்கத்திலா நிறுத்துவீர்கள்? தூரத்தில் மேளம், பிறகு பட்டாசு, கழுத்தைத் தடவிக்கொண்டே ஒவ்வொரு அடியாக முன்னே. மனிதருக்கும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் குதிரை எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டமான பாதி. அதைத் தனியாகச் செய்து பார்க்காதீர்கள், இதில் பழகிய மனநல மருத்துவர் கூட இருக்கட்டும். பெங்களூரில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். முன்னாள் ராணுவத்தினருக்கான இசிஎச்எஸ் மருத்துவத் திட்ட அட்டை இருந்தால் அதன் பாலிகிளினிக்கில் பரிந்துரை கேளுங்கள். இன்றே பேச வேண்டும்போல இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் காத்திருக்கவே வேண்டாம்.

ரம் தூங்கவைக்கும், ஆனால் நடுராத்திரியில் எழுப்பியும் விடும். தினமும் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. எவ்வளவு என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

வேலையை இப்போது விடாதீர்கள். ஒத்திகைக்கும் ஊர்வலத்துக்கும் மட்டும் இந்த முறை விலக்குக் கேளுங்கள். கேட்கும்போது, போன வருஷம் மிரண்டது பைரவி இல்லை என்பதையும் அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். அவள் பெயரில் இருப்பதைத் துடைக்க உங்களால்தான் முடியும்.

ராணுவத்தில் கழுதைகளுக்குக் குளம்பில் எண்தான் இருக்கும் என்பார்கள். ஆனால் கூடவே மலையேறியவர் வாய்க்குள் ஒரு பெயர் வைத்திருப்பார். அதை முதலில் உங்கள் மனைவியிடம் சொல்லிப் பாருங்கள்.