கல்லோடு கல்லாய் இருக்கும் கள்ளியின் உலர்தாவரப் பதிவுகள்: கேள்வி பதில்

கொழும்பில் மொட்டைமாடிகளில் கள்ளி வளர்ப்பவர்கள், மெக்சிக்கோவிலும் அமெரிக்காவின் தென்மேற்கிலும் பரந்திருக்கும் சிவாவா பாலைவனத்தின் அரியோகார்பஸ் பிசுராடஸ் என்னும் சிறு கள்ளியின் உலர்தாவரப் பதிவுகளைப் பற்றி, அதாவது அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி விவரச் சீட்டோடு பேணப்படும் செடி மாதிரிகளைப் பற்றி, கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

வெள்ளவத்தை வாசகர்: நீர் நிறைந்த கள்ளியை எவ்வாறு தாளில் ஒட்டுகிறார்கள்?

முழுதாக அழுத்தினால் அது உலராது. பல நாள் உயிரோடிருக்கும், இல்லையேல் அழுகிவிடும். ஆகையால் தண்டை நெடுக்காகப் பிளந்து, உள்ளிருக்கும் சதையைச் சுரண்டி நீக்கி, தோற்பகுதியை வெப்பத்தில் உலர்த்துகிறார்கள். பூவையும் நெடுக்காக வெட்டித் தனியே அழுத்துவார்கள்.

கொட்டாஞ்சேனை வாசகி: மிஞ்சுவது காய்ந்த தோல்தானே, அதனால் என்ன பயன்?

தோலைவிட அதனருகே ஒட்டப்பட்ட சீட்டையே நான் முதலில் வாசிப்பேன். சேகரித்தவர், அவரது சேகரிப்பு எண், நாள், இடம், உயரம், மண்ணின் தன்மை, பூவின் நிறம் ஆகியன அதில் இருக்க வேண்டும். உலர்ந்ததும் நிறம் மங்கிவிடுவதால், இளஞ்சிவப்புப் பூ என்று அன்றே எழுதிவைத்த ஒரு வரிக்கு ஈடாக வேறொன்றும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க மெக்சிக்க எல்லையை அளந்த குழுவினர் சேகரித்த கள்ளிகளை, அந்தப் பாலைவனத்திலிருந்து வெகுதொலைவில் உள்ள செயின்ற் லூயிஸ் நகரில் மருத்துவராக இருந்த ஜோர்ஜ் எங்கல்மன் ஆராய்ந்தார். இக்கள்ளியை 1856இல் மாமிலாரியா பிசுராடா என்ற பெயரில் விவரித்தவரும் அவரே. 1894இல்தான் அது இன்றைய அரியோகார்பஸ் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. பெயர் மாறினாலும், பழைய தாளும் அதன் சீட்டும் மாறாமல் இருப்பதால்தான் பெயரின் வரலாற்றைப் பின்தொடர முடிகிறது. நாளும் இடமும் எழுதாமல் ஒரு செடியைப் பிடுங்கி உலர்த்துவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தெகிவளை மாணவி: ஓரிடத்தில் பதிவு இல்லையென்றால் அங்கே செடி இல்லை எனலாமா?

கூடாது. இது முள்ளற்றது, சுண்ணாம்புக் கற்களிடையே நிலமட்டத்தோடு ஒட்டி வளர்வது. இலையுதிர் காலத்தில் பூக்கும்போது மட்டுமே எளிதில் கண்ணில் படும். மேலும், சேகரிப்போர் வீதியோரங்களிலேயே அதிகம் நடந்திருப்பார்கள்.

அதே மாணவி: சில பதிவுகளில் சரியான இடம் மறைக்கப்படுவது ஏன்?

திருட்டைத் தடுப்பதற்காக. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில், மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள முதலாம் பின்னிணைப்பில் இப்பேரினம் முழுவதும் இடம்பெற்றிருந்தும், ரெக்சாஸில் காட்டுச் செடிகள் தோண்டி விற்கப்பட்டுள்ளன. ஆகவே வாங்கும்போது விதையிலிருந்து வளர்த்ததா என்று கட்டாயம் கேளுங்கள்.

பம்பலப்பிட்டி வாசகர்: இலங்கையில் இயற்கையாக வளரும் கள்ளி உண்டா?

மரங்களில் தொங்கி வளரும் ரிப்சாலிஸ் பாக்சிபெரா இங்கு இயற்கையாகவே உள்ளது. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயல்பாக வளரும் ஒரே கள்ளி இனம் அதுதான். அம்பாந்தோட்டைப் பக்கம் பரவியிருக்கும் நாகதாளி வெளியிலிருந்து வந்தது. நம் நாட்டுத் தாவரங்களின் உலர்தாள்கள் பேராதனையில் உள்ள தேசிய உலர்தாவரகத்தில் பேணப்படுகின்றன.