புறநகர் மனை: ரோடும் வடிகாலும் யார் செலவு?

கேள்வி: நகரத்தை ஒட்டிய ஊராட்சியில், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவலும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் உள்ள லே-அவுட்டில் 2 வருடத்துக்கு முன் மனை வாங்கி வீடு கட்டினேன். புரமோட்டர் போட்ட தார் ரோடு பெயர்ந்துவிட்டது, வடிகால் பாதியில் நிற்கிறது. ஊராட்சியில் நிதி இல்லையாம், வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்துத் தந்தால் செய்கிறார்களாம். கொடுத்துத்தான் ஆகவேண்டுமா?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முதலில் உங்கள் மனைக்கு மட்டும் பார்க்காமல், லே-அவுட்டின் மொத்த சர்வே எண்ணுக்கும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். ரோட்டை ஊராட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப்பத்திரம் அதில் பதிவாகியிருக்கும், அதற்கு நகல் மனு போட்டு வாங்குங்கள். ரோடு ஊராட்சியின் சொத்தான பிறகு அதைப் பராமரிப்பது அவர்கள் வேலை.

ஆனால் உங்கள் விஷயத்தில் முதலில் பிடிக்கவேண்டியது புரமோட்டரைத்தான். ரெரா சட்டம் 2016, பிரிவு 14(3): மனை உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் வேலையின் தரத்திலோ வசதிகளிலோ குறை இருந்து நீங்கள் சுட்டிக்காட்டினால், 30 நாளில் அவர் தன் செலவில் சரிசெய்யவேண்டும். இன்னும் 3 வருடம் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், ஒரு மழைக்காலம் போனால் எது யார் பிழை என்றே சொல்லமுடியாமல் போய்விடும்.

நிதி இல்லை என்ற பதிலைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகராட்சி சாக்கடை கட்டப் பணமில்லை என்று உச்ச நீதிமன்றம்வரை போய்ச் சொன்னபோது, அதைச் சாக்காக வைத்துக் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்று 1980-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் வரி வசூலிக்கக்கூடாது என்பது அரசியலமைப்பின் 265-ஆவது பிரிவு, அதனால் வாய்வார்த்தையில் கேட்கும் பணத்தைக் கொடுக்க உங்களுக்குக் கட்டாயமில்லை. 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் பங்குத்தொகை உண்டு, சரி, ஆனால் அது விரும்பிக் கொடுப்பது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். உங்கள் தனிவீட்டின் முகப்பு 40 அடி என்று வைத்துக்கொண்டால் அதற்கு 40 அடிக்கு ரோடும் குழாயும் வேண்டும், அதே முகப்பில் 16 வீடுள்ள அடுக்குமாடி நின்றால் ஒரு வீட்டின் பங்குக்கு வருவது இரண்டரை அடிதான். புறநகரில் எதைப் போட்டாலும் வீட்டுக்கு ஆகும் செலவு கூடுதலாகத்தான் வரும். அதனால் நாளைக்குப் பாதாளச் சாக்கடை வந்து, முறைப்படி தீர்மானம் போட்டு ரசீதோடு டெபாசிட் கேட்டால் அதைக் கட்டிவிடுங்கள், அதை எதிர்த்து வழக்கு போடச் சொல்லி என்னிடம் வந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இந்த வாரமே தேதி தெரியும்படி ரோட்டையும் வடிகால் முடியும் இடத்தையும் படம் எடுத்து, புரமோட்டருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் (பதிவு வசதியோடு) நோட்டீஸ் அனுப்புங்கள், ஊராட்சிக்கு ஒரு நகல். 30 நாளில் வேலை நடக்கவில்லையென்றால் தமிழ்நாடு ரெராவில் புகார் கொடுக்கலாம். அக்கம்பக்கத்தில் 4 பேராவது சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள், அப்புறம் தபால் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரமாக வையுங்கள்.